சீட் பெல்ட் தானாக நகர்ந்து வந்தது எப்படி?

பழைய அமெரிக்கக் கார்களில் பெல்ட் தானே ஊர்ந்து வந்து தோளில் அமர்கிறதே, அது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜன்னலுக்கு மேலே, கதவு நிலையை ஒட்டி ஒரு தடம் ஓடும். தோள் பெல்ட்டின் மேல்நுனி அதில் சறுக்கும் கொக்கியில் மாட்டியிருக்கும்; மறுநுனி இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ள சுருளில். கதவைத் திறந்தால் கொக்கி முன்கண்ணாடிப் பக்கம் போய், ஏறி இறங்க வழிவிடும். கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினால், ஒரு குட்டி மோட்டார் 'ர்ர்ர்' என்று முனகிக்கொண்டே அதைத் தோளுக்குப் பின்னால் இழுத்து வரும். தடத்தின் கோடியில் ஒரு சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும்.

இதை முதலில் கொண்டுவந்தது 1981 டொயோட்டா க்ரெஸிடா. பரவியதற்குக் காரணம் சட்டம்தான். பயணி எதுவும் செய்யாமலே அவரைக் காக்கும் ஏற்பாடு 1990 மாடல் கார்கள் எல்லாவற்றிலும் வேண்டும் என்றது அமெரிக்க அரசு. ஏர்பேக்கை விட இது மலிவு. கம்பெனிகளுக்கு அது போதாதா?

ஆனால் இடுப்பு பெல்ட்டைக் கையால்தான் மாட்ட வேண்டும். தோளில்தான் ஒன்று வந்துவிட்டதே என்று பலர் அதை விட்டுவிட்டார்கள். அப்படி மோதினால் உடம்பு கீழே வழுக்கி, பெல்ட் கழுத்தில் ஏறிவிடும். என்னைக் கேட்டால் அரைகுறைப் பாதுகாப்பு. 1998 மாடலிலிருந்து கார்களில் முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமாக, இது கழன்றுகொண்டது.