‘ஜுரம்’ என்று சொன்னது யார்?

பழைய பதிவேடுகள் பற்றி வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: ஐயா, என் அம்மாவின் பாட்டி இறந்த பதிவின் நகல் கடலூரில் கிடைத்தது. 1918 அக்டோபர் 27, வயது 26. பெயர்கூட இல்லை, ‘இன்னார் பெண்சாதி’ என்றுதான் இருக்கிறது. காரணம் ‘ஜுரம்’. அவருடைய கொழுந்தனும் மூன்று வயது மகளும் ஒன்பது நாளைக்குள் போய்விட்டார்கள். அவர்களுக்கும் ‘ஜுரம்’தான். குலதெய்வக் குற்றம் என்று சொல்லி எங்கள் வீட்டில் இன்றுவரை ஐப்பசியில் நல்ல காரியம் வைப்பதில்லை. வெறும் காய்ச்சலில் ஒரே வீட்டில் மூன்று பேர் சாவார்களா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்கள் வீட்டின் மேல் எந்தக் குற்றமும் இல்லை அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது காளயுக்தி வருஷத்து ஐப்பசி. உலகத்தையே வாரிக்கொண்டு போன இன்புளூயன்சா சென்னை மாகாணத்தில் தலைவிரித்து ஆடிய நேரம். நம் ஜனங்கள் விஷக்காய்ச்சல் என்றார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் மாண்டார்கள். மற்றக் காய்ச்சல்கள் கிழவர்களையும் கைக்குழந்தைகளையும்தான் அதிகம் கொண்டுபோகும். இதுவோ 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. நுரையீரல் கெட்டு, மூச்சு முட்டி, சில நாளில் முடிந்துவிடும். நம் நாட்டில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். படுத்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியதும், கூடவே உட்கார்ந்து நெற்றியில் துணி நனைத்துப் போட்டதும் அவர்கள்தானே. போதாக்குறைக்கு அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தானிய விலை ஏறி, செப்டம்பரில் சென்னையில் கடைகளைச் சூறையாடும் அளவுக்குப் போனது. அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடந்த உடம்புகளில்தான் அந்தக் காய்ச்சல் ஏறியது.

அப்படியானால் ஏன் வெறும் ‘ஜுரம்’ என்கிறீர்களா? அதை எழுதியவர்களின் வீட்டில் வளர்ந்தவன் நான். என் தாத்தா கிராம முன்சீப். அவருக்குப் பின், 1980-ல் அந்தப் பதவியே ஒழிக்கப்படும்வரை, அப்பா. பிள்ளைப் பிராயத்தில் நான் பார்த்தது இது: திண்ணையில் அப்பா, முன்னால் சாய்வுப் பெட்டி, மைக்கூடு. தெருவோரம் வெயிலில் வெட்டியான். “மேலத்தெருவுல ஒரு சாவுங்க சாமி. காச்சலுங்க.” அவ்வளவுதான். டாக்டர் பார்த்திருக்க மாட்டார், வைத்தியரும் பார்த்திருக்க மாட்டார். பிணத்தைக் கடைசியாகத் தொட்டவர் சொல்வதுதான் காரணம். (அந்த மனிதரைத் திண்ணையில் ஏறி உட்காரச் சொல்லி எங்கள் வீட்டில் ஒருநாளும் யாரும் சொன்னதில்லை. நினைக்கும்போதெல்லாம் மனசு கூசுகிறது.) அரசாங்கம் கேட்ட கணக்கிலும் சில இனங்கள்தான் உண்டு: காலரா, வைசூரி, பிளேக், ஜுரம், சீதபேதி, மூச்சுக்கோளாறு, காயம், இதர. உடம்பு சுட்டிருந்தால் ஜுரம். மலேரியாவும் டைபாய்டும் பிரசவக் காய்ச்சலும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

ஆகவே ஒரு வரியை மட்டும் நகல் வாங்காதீர்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை முழுப் பக்கங்களையும் பார்க்கக் கேளுங்கள். எங்கள் ஊரின் அந்தப் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். தாத்தா எப்போதும் ‘ஜுரம்’ என்று சுழித்து அழகாக எழுதுவார். அந்த ஐப்பசியில் முதல் வரியில் மட்டும் ‘ஜுரம்’. அதற்குக் கீழே ௸, ௸, ௸ என்று பக்கத்தின் அடிவரை. மேற்படி என்பதற்கு நம்முடைய பழைய குறி அது. முழுச் சொல்லை எழுதக் கை ஒழியவில்லை அவருக்கு. உங்கள் பாட்டியும் அப்படி ஒரு வரிசையில்தான் இருப்பார். தெருவே படுத்திருந்த மாதத்தில் எந்தக் குலதெய்வம் உங்கள் ஒரு வீட்டை மட்டும் தேடி வந்திருக்கும்? வருகிற ஐப்பசியில் கல்யாணம் வையுங்கள்.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா 1909-ல் ஒரு மில்லில் இயந்திரத்தில் அடிபட்டு இறந்தார் என்பார்கள். எத்தா சிவிலில் (பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகம்) எடுத்த பிரெஞ்சுப் பத்திரத்தில் இறந்த மணி நேரம்கூட இருக்கிறது, காரணம் இல்லை. மறைத்துவிட்டார்களா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மறைக்கவில்லை தம்பி, எழுதக்கூடாது என்பதே அன்றைய சட்டம். பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பு 1804-ல் வந்தது. அதன் 85-வது பிரிவின்படி, விபத்து, கொலை, தற்கொலை போன்ற துர்மரணமானாலும், சிறையிலோ தூக்கிலோ இறந்தாலும், அந்த விவரத்தைப் பதிவில் குறிப்பிடக் கூடாது. செத்தவருக்கும் பிள்ளைகளுக்கும் அவப்பெயர் தங்கிவிடக் கூடாது என்ற எண்ணம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 25 கிலோமீட்டர்கூட இல்லை. ஆங்கிலேயர் ஆண்ட கடலூரில் அன்று எல்லாச் சாவுக்கும் ஒரு காரணம் எழுதியாக வேண்டியிருந்தது, அது தப்பாக இருந்தாலும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் காரணமே கிடையாது. ஆனால் மணி, இடம், தொழில், தாய் தகப்பன் பெயர், சாட்சி சொன்ன இரண்டு பேரின் பெயர், வயது, தொழில் எல்லாம் உண்டு. எனக்கு அந்தப் புதுச்சேரி முறைதான் பிடிக்கும். அந்தச் சாட்சிகளைப் பாருங்கள். பங்காளிகளா, பக்கத்து வீட்டாரா, அதே மில் தொழிலாளிகளா? இறந்த இடம் வீடா, ஆஸ்பத்திரியா? வேலை நேரத்தில் ஆஸ்பத்திரியில் இறந்து, கூட வேலை செய்தவர்கள் இருவர் வந்து சொல்லியிருந்தால், வீட்டில் சொல்லிவரும் கதைக்கு அது பலமான சான்று. உங்கள் பத்திரத்தில் எழுத்து அழிந்திருந்தால் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள, காலனி ஆவணங்களுக்கான தேசியக் காப்பகத்தில் இன்னொரு பிரதி இருக்கலாம். காலனிகளிலிருந்து பிரதி அனுப்புவது பிரான்சில் மன்னராட்சி இருந்த காலத்திலிருந்தே வழக்கம். அவற்றில் பலவற்றைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், பார்க்கக் கட்டணம் இல்லை.

கேள்வி: 1934-ல் இறந்த என் பெரிய பாட்டிக்கு வயது 19. ‘கிணற்றில் தவறி விழுந்து’ என்று பதிவு. நம்பலாமா?
- வாசகி, பண்ருட்டி

பதில்: அந்த வரியை மட்டும் வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும், கைப்பிடிச் சுவர் இல்லாத கவலைக் கிணறுகள் அன்று ஊரெங்கும் இருந்தன. இருட்டில் தண்ணீர் சேந்தப் போய் நிஜமாகவே விழுந்தவர்கள் ஏராளம். ஆனால் ஒரு காலைவேளை எனக்கு மறக்கவில்லை. திண்ணையைச் சுற்றிப் புருஷன் வீட்டு ஆண்கள் நான்கு பேர். அப்பா பேனாவை மையில் தொட்டார், எழுதவில்லை. மறுபடி தொட்டார். நிப்பில் திரண்ட மை சொட்டிப் பக்கத்தில் கறையானது. கடைசியில் ‘தவறி விழுந்து’ என்றே எழுதினார். பெண்ணைப் பெற்றவர்கள் அதற்குப் பிறகுதான் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள்.

தகவல் கொடுத்தவர் யார் என்று பதிவில் பாருங்கள். புகுந்த வீட்டாராக இருந்தால் அதோடு நிற்காதீர்கள். உங்கள் பெரிய பாட்டியின் பிறந்த வீட்டு வழியில் வயசான பெண்கள் யாராவது இருக்கிறார்களா? போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இந்த வாரமே போங்கள்.