பிளாக்செயின் நோட் நடத்த லைசன்ஸ் வேண்டுமா?

கேள்வி: நானும் நண்பரும் அட்டனில் ஓர் அறை எடுத்து, வெளிநாட்டுக் கம்பனிகள் இரண்டுக்கு ஈத்தீரியம் என்ற பிளாக்செயினின் நோட்களையும் (அதன் பொதுக் கணக்கேட்டின் பிரதியை வைத்திருக்கும் கணினிகள்) வேலிடேட்டர்களையும் (புதிய பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பவை) பராமரித்துக் கொடுக்கிறோம். சர்வர் ஜெர்மனியில் இருக்கிறது. மாதக் கட்டணம் மட்டும்தான் வாங்குகிறோம். இதற்கு லைசன்ஸ் வேண்டுமா? இதைக் கேள்விப்பட்டு, தோட்டத்தில் ஓய்வுபெற்ற மாமாமார் சிலர் தங்கள் சேமலாப நிதிப் பணத்தை ஸ்டேக்கிங்கில், அதாவது ஈத்தீரியத்தின் நாணயமான ஈத்தரை வேலிடேட்டரில் கட்டிவைத்து வருமானம் பெறும் முறையில், போட்டுத் தரச் சொல்கிறார்கள். இரண்டு பேர் கொஞ்சம் தந்தும் விட்டார்கள். வாங்கலாமா?

பதில்: இரண்டு வேலையும் ஒரே அறையில் நடந்தாலும் சட்டத்துக்கு அவை வேறு வேறு தொழில். முதலாவதில் ஒழுங்காக நடந்தால் பயப்பட அதிகம் இல்லை. இரண்டாவதைத் தொடவே வேண்டாம்.

கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க உலக நாடுகளுக்கு விதி வகுக்கும் எஃப்ஏடிஎஃப் அமைப்பு, 2021 ஒக்டோபரில் தன் வழிகாட்டலைப் புதுப்பித்தது. நோட் நடத்துவது, பிளாக்கை (பரிவர்த்தனைத் தொகுப்பை) சரிபார்ப்பது, மென்பொருள் எழுதுவது ஆகியவற்றை மட்டும் செய்பவர் கிரிப்டோ நிதிச் சேவை வழங்குநர் ஆகமாட்டார் என்பதே அதன் நிலைப்பாடு. அமெரிக்காவின் நிதிக் குற்றத் தடுப்பு அமைப்பான ஃபின்சென் 2019இல் விட்ட வழிகாட்டலும் இதே பக்கம்தான்: அடுத்தவர் பணத்தின் மீது முழுக் கட்டுப்பாடு யாரிடம் என்றுதான் அது பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கிரிப்டோ சட்டமான மிகா 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. வாடிக்கையாளரின் சாவியை (கிரிப்டோவைக் கையாள உதவும் இரகசியக் குறியீட்டை) காத்துத் தரும் தொழிலுக்கு அங்கே அனுமதி கட்டாயம். அட்டனில் இருந்து செய்தாலும், வாடிக்கையாளர் ஐரோப்பாவில் என்றால் இது உங்களுக்கும் பொருந்தக்கூடும்.

ஆக, நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் சர்வரில் என்னென்ன சாவி இருக்கிறது என்பதை. ஒரு வேலிடேட்டருக்குக் கையொப்பச் சாவி ஒன்று உண்டு. பிளாக்குகள் சரியா என்று 6.4 நிமிடத்துக்கு ஒரு தடவை அதுதான் வாக்களிக்கிறது. அது உங்களிடம் இல்லாமல் வேலை நடக்காது. பணம் எடுக்கும் சாவி வேறு. வெளியே எடுக்கும் முகவரியை வாடிக்கையாளர் ஒருமுறை தன் பெயருக்குப் பதித்துவிட்டால், வேலிடேட்டருக்காகக் கட்டிய 32 ஈத்தரும் அங்கேதான் போகும். கையொப்பச் சாவியை வைத்து அதை உங்களால் திருப்ப முடியாது. அந்தப் பணம் எடுக்கும் சாவியோ அதை மீட்டெடுக்க உதவும் 24 இரகசியச் சொற்களோ உங்களிடம் வரவே கூடாது. வாடிக்கையாளர் வசதிக்காக அனுப்பினாலும் மறுத்துவிடுங்கள். அப்புறம், பலர் கவனிக்காத ஓர் இடம்: பரிவர்த்தனைக் கட்டணங்கள் எந்த முகவரிக்குப் போகவேண்டும் என்பதைச் சர்வர் அமைப்பில் எழுதுவது நீங்கள்தான். அங்கே உங்கள் முகவரியைப் போட்டுவிட்டு மாத முடிவில் கணக்குத் தீர்த்தால், வாடிக்கையாளர் வருமானம் உங்கள் கைவழியாகப் போகிறது. அந்தக் கணமே நீங்கள் வெறும் பராமரிப்பாளர் இல்லை.

இந்தக் கோடு எல்லா நாட்டிலும் கல்லில் செதுக்கியதல்ல. கிரிப்டோ காசு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கும் டொர்னாடோ கேஷ் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரை, அனுமதியில்லாமல் பண அனுப்பல் தொழில் நடத்தச் சதி செய்தார் என்று 2025 ஆகஸ்டில் நியூயோர்க் ஜூரி குற்றவாளியாகக் கண்டது. மற்ற இரண்டு குற்றச்சாட்டுகளில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அதனால் காசின் தடத்தை மறைக்கும் சேவைகளுக்கு நோட் தருவதை இப்போதைக்குத் தவிருங்கள்.

இலங்கை நிலைமைக்கு வருவோம். கிரிப்டோ திட்டங்கள், மைனிங், எக்ஸ்சேஞ்ச் எதற்கும் எவருக்கும் அனுமதி வழங்கவில்லை என்று மத்திய வங்கி 2021 ஏப்ரல் அறிவித்தலில் சொன்னது. டெபிட், கிரெடிட் கார்டுகளால் கிரிப்டோ வாங்கவும் அனுமதியில்லை. உங்கள் தொழிலை நான் தொழில்நுட்பச் சேவை ஏற்றுமதியாகவே பார்க்கிறேன். கட்டணத்தை ஈத்தராக வாங்காமல், இன்வொய்ஸ் அனுப்பி டொலராக வங்கிக் கணக்குக்கு வரவழையுங்கள். இப்படி வங்கி வழியாக வரும் சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் உச்ச வரி வீதம் 15%. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, மாமாமார் பணம். லயத்தில் சீட்டுப் பிடிப்பது மாதிரித்தானே என்று அவர்கள் சொல்லக்கூடும். சீட்டில் போட்ட ரூபா ரூபாவாகவே வரும். இங்கே ரூபா ஈத்தராக மாறி, அதன் விலை பாதியானால் முதலும் பாதிதான். அதை ஈடுகட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். பலரிடம் பணம் சேர்த்து, திருப்பித் தருகிறேன், மேலதிகமாகவும் தருகிறேன் என்று நீங்கள் சொன்னால் அது வைப்புப் பணம் ஏற்பதாகப் பார்க்கப்படலாம். லைசன்ஸ் இல்லாமல் நிதித்தொழில் செய்வதை 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இன்னொருவரைச் சேர்த்துவிடுபவருக்குக் கமிஷன் என்று ஆரம்பித்தால், வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்யும் பிரமிட் திட்டத்தின் பக்கம் போய்விடும். அதோடு, கார்டு வழி இல்லாததால், ரூபாவை ஈத்தராக்க முகம் தெரியாத ஆட்களின் கணக்குக்குப் பணம் போடவேண்டி வரும். சந்தேகமான பரிவர்த்தனைகளை வங்கிகள் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிப்பது 2006இலிருந்து சட்டக் கடமை.

கொழுந்து பறித்தே காலம் கழித்தவர்களுக்குக் கடைசியில் கைக்கு வரும் ஒரே மொத்தத் தொகை அந்தச் சேமலாப நிதி. அது போனால் இன்னொரு தடவை சேர்க்க அவர்களுக்கு வயது இல்லை. நீங்கள் நல்ல எண்ணத்தோடு வாங்கினாலும் அந்த ஆபத்து குறையாது.

தந்த இருவருக்கும் இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள், கையில் அல்ல, வங்கி வழியாக. ஸ்லிப்பில் "திருப்பிச் செலுத்தல்" என்று எழுதி ஒரு பிரதியை வைத்திருங்கள். அதில் ஒரு பகுதி ஏற்கெனவே ஈத்தராக மாறியிருந்தால், விலை என்னவாக இருந்தாலும் வாங்கிய ரூபாவை முழுதாகக் கொடுங்கள். கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது இருந்தால், அதோடு ஒரு சட்டத்தரணியைப் போய்ப் பாருங்கள்.