பயிற்சியாளருக்கு யார் எழுதுவது?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், டெக்சாஸில் வசிக்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் எட்டு வயதிலிருந்து கிளப்பில் நீந்துகிறாள். 100 யார்டு பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கை (மார்பு நீச்சல்) 1 நிமிடம் 6 வினாடியில் முடிக்கிறாள். கல்லூரிகளிலிருந்து கோடை நீச்சல் முகாம்களுக்கு அழைப்புகள் குவிகின்றன. ஒரு நிறுவனம் 3,500 டாலர் கட்டினால் பயிற்சியாளர்களிடம் அறிமுகப்படுத்துவதாகச் சொல்கிறது. முழு உதவித்தொகை கிடைக்கும் என்று நான் நம்புகிறேன். என் கணவரோ நீச்சலை விட்டுவிட்டுப் படிப்பைக் கவனிக்கட்டும் என்கிறார். பயிற்சியாளர்களுக்கு நானே எழுதலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுத வேண்டாம், மகள் எழுதட்டும். நான்கு ஆண்டுகள் விடியற்காலையில் தன் குளத்துக்கு வந்து நிற்கப்போகும் பெண் எப்படிப்பட்டவள் என்பதை அறியவே பயிற்சியாளர் விரும்புவார். தாய் எழுதும் கடிதத்தில் அவருக்குத் தாயைப் பற்றி மட்டுமே தெரியவரும். கல்லூரி வளாகத்தைப் பார்க்கப் போன இடத்தில் அப்பா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, பிள்ளை தன் காலணியையே பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சி நம் குடும்பங்களில் அரிதானதல்ல.

மின்னஞ்சல் பத்து வரிக்கு மேல் போகத் தேவையில்லை. பொருள் வரியிலேயே பெயர், பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டு, நீந்தும் பிரிவு, சிறந்த நேரம் ஆகியவை இருக்கட்டும். உள்ளே மதிப்பெண் சராசரி, 200 யார்டு நேரம், அடுத்த போட்டி எங்கே எப்போது என்பவற்றோடு, அந்தக் கல்லூரியை ஏன் விரும்புகிறாள் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை ஐம்பது கல்லூரிகளுக்கும் ஒரே மாதிரி எழுதினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அவள் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், கட்டுப்பாடு பயிற்சியாளருக்குத்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, அதன் உயர்மட்டப் பிரிவான டிவிஷன் 1இன் நீச்சல் பயிற்சியாளர்கள், பத்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் ஜூன் 15 முதல்தான் மாணவரைச் சேர்ப்பது பற்றி அவருக்கு எழுதவோ தொலைபேசியில் பேசவோ முடியும். கல்லூரியின் செலவில் வளாகத்துக்கு அழைக்கும் அதிகாரபூர்வ வருகை ஆகஸ்ட் 1 முதல்தான் தொடங்கும். ஆகவே இப்போது பதில் வரவில்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். ஆனால் முகாம் அழைப்பையும் விவரப் படிவத்தையும் அந்தத் தேதிக்கு முன்பே அனுப்ப விதி இடம் தருகிறது. முகாம் என்பது கட்டணம் வாங்கி நடத்தப்படுவது. அழைப்பு நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போயிருக்கும். மதிப்பெண் பட்டியலை அனுப்பச் சொல்வதும், வாரத்தில் எத்தனை முறை நீந்துகிறாய் என்று கேட்பதும், மறுபடி அழைப்பதும்தான் உண்மையான ஆர்வத்தின் அடையாளங்கள்.

அந்த 3,500 டாலரைக் கட்டாதீர்கள். கால்பந்தில் ஓர் ஆட்டக்காரரின் திறமையைப் பார்த்துத்தான் எடைபோட முடியும். நீச்சலில் கடிகாரமே சாட்சி சொல்லிவிடுகிறது. உங்கள் மகளின் போட்டி நேரங்கள் இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய விதத்தில் இருக்கின்றன. நிறுவனம் செய்வதாகச் சொல்லும் வேலையை உங்கள் மகளே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். அவள் விரும்பும் கல்லூரி எந்த கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழு) இருக்கிறது என்று பார்த்து, அதன் கடந்த சாம்பியன்ஷிப் முடிவுகளில் 100 யார்டு பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் 8ஆம் இடத்துக்கும் 16ஆம் இடத்துக்கும் வந்த நேரங்களைக் குறித்துக்கொள்ளட்டும். தன் நேரம் 16ஆம் இடத்தை நெருங்கினால் அங்கே எழுதுவதில் பொருள் உண்டு. நான்கைந்து வினாடி பின்தங்கியிருந்தால் அதை ஆசைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, வேறு பத்துக் கல்லூரிகளைத் தேடுவது நல்லது.

முழு உதவித்தொகை பற்றிய உங்கள் நம்பிக்கையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். என்சிஏஏவின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதே இல்லை. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் அப்படியே. அந்த எட்டிலும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டுமே உண்டு. டிவிஷன் 1 மகளிர் நீச்சலில் நெடுங்காலம் ஓர் அணிக்கு 14 உதவித்தொகைதான் உச்சவரம்பு. அதை இருபது முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கி, அணியில் 30 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்தது. கூடுதலாக உதவித்தொகை கொடுக்கலாம் என்றாலும் எல்லாக் கல்லூரிகளும் நீச்சலுக்குப் பணம் ஒதுக்குவதில்லை. பெரிய அணிகளில் இடமோ குறைந்துவிட்டது. போதாக்குறைக்கு, வேறு கல்லூரியிலிருந்து மாறிவரும் அனுபவசாலிகளையும் பயிற்சியாளர்கள் தேடுகிறார்கள். எனவே மகள் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் சேரும் ஆண்டில் உங்கள் அணியில் எத்தனை பிரெஸ்ட்ஸ்ட்ரோக் வீராங்கனைகள் இருப்பார்கள், அவர்களில் நான் எத்தனையாவது?

உங்கள் கணவரின் கவலையைத் தள்ளிவிட முடியாது. அவர் சொல்லும் தீர்வுதான் சரியில்லை. டிவிஷன் 1இல் விளையாடும் தகுதிக்குப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் (4க்கு) 2.3 சராசரியும் வேண்டும். அவற்றில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலில் அமைய வேண்டும். இது தாழ்ந்த வரம்புதான். டிவிஷன் 3இலும் ஐவி லீக்கிலும் பயிற்சியாளர் மதிப்பெண் பட்டியலை முன்கூட்டியே சேர்க்கை அலுவலகத்திடம் காட்டிக் கருத்துக் கேட்பார். அங்கே நல்ல மதிப்பெண்ணும் நல்ல நேரமும் சேர்ந்தால், இரண்டில் ஒன்று மட்டும் உள்ளவருக்குக் கிட்டாத வாய்ப்பு கிட்டும். பயிற்சியாளரின் சொல்லுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் எவ்வளவு எடை உண்டென்றால், விளையாடவே விளையாடாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டப் பெற்றோர் லஞ்சம் கொடுத்த ஊழல் 2019இல் வெளிவந்து, பலர் சிறைக்குப் போனார்கள்.

கணவர் சொல்வதில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்துபவர்களுக்கு முழங்கால் வலி பழக்கமான துன்பம். பயிற்சியாளரும் இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். நீச்சலே இல்லாமல் போனாலும் அந்த ஊரில், அந்தப் பாடத்தில் இருக்க விரும்புவாளா என்று மகளைக் கேளுங்கள். வாய்மொழி உறுதி இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. சேரும் கல்லூரியை உறுதிசெய்ய மாணவர் கையெழுத்திட்டுவந்த பழைய தேசிய ஒப்பந்தக் கடிதமும் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டதால், கையெழுத்தான நிதியுதவி ஒப்பந்தத்தையே நம்ப வேண்டும். காயம் பட்டால் பணம் தொடருமா, எத்தனை ஆண்டுக்கு என்பவை அதில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பேச்சில் மட்டும் நீங்களும் உங்கள் கணவரும் மகளோடு உட்காருங்கள். அதற்கு முன் வரும் தொலைபேசி அழைப்புகளை அவளே எடுக்கட்டும்.