தை மாதக் கல்யாணமும் பெயரில்லாத கிறீமும்

முகத்தில் ஏதோ போட்டிருக்கிறது. என்ன பூசலாம்?

வயதில்லை, எத்தனை நாளாக என்றில்லை, அரிக்கிறதா என்றும் இல்லை. இப்படி எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. விவரமாக எழுதுங்கள். அதுவரை எதையும் பூசாதீர்கள், முக்கியமாக வைத்தியர் எழுதித் தராத ஸ்டீரொய்ட் கிறீமை.

தண்ணீரில் ஊறினால் விரல்நுனி சுருங்குவது ஏன்? (தெஹிவளை)

நரம்பின் வேலை அது. உள்ளேயுள்ள இரத்தக் குழாய்களை நரம்பு சுருக்குகிறது, மேல்தோல் மடிகிறது. விரலின் நரம்பு அறுபட்டவருக்கு எவ்வளவு ஊறினாலும் சரியாகச் சுருங்காது.

மகளுக்குத் தையில் கல்யாணம். கடையில் தந்த கிறீமில் ஒரு கிழமையிலேயே நல்ல வெள்ளை. டப்பாவில் என்ன இருக்கிறது என்று போடவில்லை. தொடரலாமா? (வெள்ளவத்தை)

தொடரக் கூடாது. டப்பாவையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே தோல் வைத்தியரிடம் போங்கள். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியலாம். பயந்து மறுபடி பூசிவிடாதீர்கள்.

இவ்வளவு வேகமாக வெளுத்தால் பாதரசமோ கடுமையான ஸ்டீரொய்டோ இருக்கிறதென்றே சந்தேகிக்க வேண்டும். பாதரசம் தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொய்ட் மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு வெடிக்கும். கல்யாணப் படத்தில் விழப்போவது அந்த முகம்தான்.

நிறமிச் செல்கள் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அவை செய்யும் மெலனின் துணிக்கைகளின் பருமனும் பரவலும்தான் வேறு. அந்தத் துணிக்கைகள் ஒவ்வொரு தோல் செல்லின் கருவுக்கும் மேலே குடை பிடித்தாற்போல நிற்கின்றன. கொழும்பு, பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருக்கிறது. வருடம் முழுக்க உச்சி வெயில். இங்கே அந்தக் காவலைக் கரைப்பதற்குக் காசு கொடுக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் சரி, உங்கள் பிள்ளையின் நிறத்தில் குறையே இல்லை.

முதுகில் வெளிறிய படை, அரிப்பில்லை. தேமல் என்று விட்டுவிடலாமா? (கொட்டாஞ்சேனை)

பஞ்சால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் உணர்வு குறைவென்றால் தொழுநோயாக இருக்கலாம். உணர்வு இருந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். 6 மாதமோ ஒரு வருடமோ மாத்திரை எடுத்தால் முழுக்கக் குணமாகும், அரச வைத்தியசாலையில் இலவசம். வெட்கப்பட்டு மறைத்தால் நரம்பு போய்விடும். இதற்கும் ஸ்டீரொய்ட் கிறீம் வேண்டாம்.

சுடு எண்ணெய் பட்டால் பற்பசை பூசலாமா?

கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள்.