எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள்: மரபணு, வளர்ப்பு பற்றிய கேள்வி பதில்

நடத்தை மரபியல் ஆய்வகங்களில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்திருக்கிறேன். மருத்துவர் இல்லை, அதனால் நோய், மருந்து பற்றிய கேள்விகளை உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி: மேடம், அறிவுத்திறனில் மரபணு எத்தனை சதவீதம், வளர்ப்பு எத்தனை சதவீதம்?

பதில்: நீங்கள் தமிழ் பேசுகிறீர்கள். அதில் மரபணு எத்தனை சதவீதம்? மனித மரபணு இல்லாமல் பேச்சே வராது. சிம்பன்சிக் குட்டியைப் பிள்ளையோடு பிள்ளையாக வீட்டில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள், அது பேசவில்லை. காதில் தமிழ் விழாமல் தமிழும் வராது. இரண்டும் முழுதாக வேண்டும், ஆளுக்குப் பாதி என்று பிரிக்க முடியாது.

அப்படியானால் ஆய்வுகளில் வரும் 50 சதவீதம் என்பது என்ன? ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறதே, அதில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து வருகிறது என்ற கணக்கு. 2015-ல், ஐம்பது வருட இரட்டையர் ஆய்வுகளில் இருந்த ஏறக்குறைய 1.45 கோடி ஜோடிகளின் தகவலைத் திரட்டிப் பார்த்தார்கள். எல்லாப் பண்புகளுக்கும் சேர்த்துச் சராசரி 49 சதவீதம் வந்தது. இதை மரபுவழிப் பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

கையில் ஐந்து விரல் முளைப்பது மரபணுவின் வேலை. ஆனால் யாருக்கெல்லாம் விரல் குறைகிறது என்று தேடினால் பெரும்பாலும் விபத்துதான் காரணமாக இருக்கும். அதனால் விரல் எண்ணிக்கையின் மரபுவழிப் பங்கு மிகக் குறைவாக வரும்! இது ஒரு கூட்டத்தின் எண். தனி ஆளின் தலையில் ஒட்டாதீர்கள். இதை இன்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: என் மகனுக்குக் கணக்கு வரவே இல்லை. அவன் அப்பாவுக்கும் வராது. மரபணு என்றால் விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். மரபணுவில் இருக்கிறது என்றால் மாற்ற முடியாது என்று யார் சொன்னது? ஃபினைல்கீட்டோனூரியா என்று ஒரு குறைபாடு உண்டு. ஒரே ஒரு மரபணுவின் பழுதால் வருவது. ஃபினைலலனைன் என்ற பொருளை உடல் கையாள முடியாமல் அது மூளையைக் கெடுத்துவிடும். 1934-ல் நார்வேயில் ஃபோலிங் என்ற மருத்துவர் இதைக் கண்டறிந்தார். இன்று பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, அந்தப் பொருள் குறைந்த உணவைத் தொடங்கினால் பிள்ளை நன்றாக வளர்கிறது. பழுதான மரபணு அப்படியேதான் இருக்கிறது, சாப்பாடுதான் மாறியது.

உங்கள் மகனுக்கு முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு எண்களைப் புரிந்துகொள்வதில் தனிச் சிரமம் இருக்கிறதா என்று கற்றல் குறைபாட்டு நிபுணரிடம் காட்டுங்கள். அப்பாவுக்கு வரவில்லை என்பது சீக்கிரம் கவனிக்கச் சொல்லும் தகவல், அவ்வளவுதான்.

கேள்வி: "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" அறிவியல்படி சரியா?

பதில்: நூல் சரி, நெசவு எங்கே? தாய் நூலையும் கொடுக்கிறாள், தறியிலும் உட்காருகிறாள். அதனால்தான் ஒற்றுமையை மட்டும் பார்த்து எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிவதில்லை.

கேள்வி: குழந்தையின் எச்சிலை அனுப்பினால் எந்தத் துறையில் ஜொலிக்கும் என்று சொல்கிறார்களாம். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உயரம் எவ்வளவு எளிதாக அளக்கக்கூடியது! அதற்கே 54 லட்சம் பேரின் தகவலைப் பார்த்த 2022 ஆய்வில் 12,111 மரபணு வேறுபாடுகள் கிடைத்தன, ஒவ்வொன்றும் துளித்துளி. எத்தனை வருடம் படிப்பார்கள் என்பதற்கு 30 லட்சம் பேரை வைத்துப் பார்த்தும், கூட்டத்தில் உள்ள வித்தியாசத்தில் 12 முதல் 16 சதவீதத்தைத்தான் கணிக்க முடிந்தது. ஒரு குழந்தையிடம் போய் நீ இதற்குத்தான் லாயக்கு என்று சொல்ல அது போதவே போதாது. குழந்தை அதை நம்பிவிடும் என்பதுதான் என் பயம்.

கேள்வி: இசைத் திறமையில் மரபணு எத்தனை சதவீதம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கோபத்துக்கு ஒரு மரபணு, மனச்சோர்வுக்கு ஒரு மரபணு என்று செய்தியில் வந்ததே?

பதில்: வந்தது. மனச்சோர்வு விஷயத்தில் 2003-ல் வந்த ஒரு பிரபல ஆய்வை நாங்களெல்லாம் நம்பினோம், நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் 2019-ல், அப்படிப் பெயர் பெற்ற 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரிடம் சோதித்தார்கள். எதேச்சையாக எடுத்த மரபணுக்களைவிட அவை ஒன்றும் மேலாக இல்லை. இந்தப் பண்புக்கு இந்த மரபணு என்ற தலைப்பைக் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: இரட்டையர், தத்துப் பிள்ளை ஆய்வுகளில், பிள்ளைகள் பெரியவர்களான பிறகு, ஒரே வீட்டில் வளர்ந்ததால் ஐக்யூவில் வரும் ஒற்றுமை கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. ஆக, பெற்றோர் என்ன செய்தாலும் ஒன்றுதான். நேராகச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?

பதில்: முதல் வாக்கியம் பெரும்பாலும் சரி. இரண்டாவது அதிலிருந்து வராது. தத்துக் கொடுப்பதற்கு முன்பே வீட்டை வடிகட்டிவிடுகிறார்கள். எல்லா வீடும் ஓரளவு நல்ல வீடு என்றால் வீட்டுக்கு வீடு வித்தியாசம் எங்கே தெரியும்? ருமேனியாவில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், புகாரெஸ்ட் நகரத்து அநாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நாலரை வயதில் அவர்களின் ஐக்யூ சராசரி 81, இல்லத்திலேயே விடப்பட்டவர்களுக்கு 73. இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் இன்னும் நன்றாக இருந்தார்கள்.

மீண்டும் அவரே: அது கொடுமையின் உச்சம். நான் கேட்பது சாதாரண வீடுகளைப் பற்றி.

பதில்: சரி, ஸ்வீடனுக்குப் போவோம். உடன்பிறந்த இரண்டு ஆண்களில் ஒருவர் பெற்ற வீட்டில், மற்றவர் தத்துப் போன வீட்டில். 2015-ல் வெளிவந்த அந்த ஆய்வில் தத்துப் போனவர்களுக்கு ஐக்யூ சராசரியாக 4 புள்ளிக்கு மேல் கூடுதல். நீங்கள் சொல்லும் ஆய்வு யார் யாரோடு ஒத்திருக்கிறார்கள் என்று அளக்கிறது, மட்டம் ஏறியதா என்று அளப்பதில்லை. எல்லாரும் இரண்டு படி ஏறினாலும் வரிசை அப்படியே இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் ஐக்யூ மதிப்பெண் பத்தாண்டுக்கு 3 புள்ளி அளவில் ஏறியது. மரபணு அந்த வேகத்தில் மாறாது.

ஐஸ்லாந்து ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேறொருவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், ஐஸ்லாந்தில் என்ன செய்தார்கள்?

பதில்: நல்ல கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் மரபணுவில் பாதிப் பாதிதான் பிள்ளைக்கு வருகிறது. வராமல் போன பாதி பிள்ளையின் உடம்பிலேயே இல்லை. ஆனாலும் அந்த வராத பாதிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் தொடர்பு இருந்தது. வந்த பாதியின் தாக்கத்தில் 30 சதவீதம் அளவு! உடம்பில் இல்லாத மரபணு எப்படி வேலை செய்யும்? பெற்றோர் வழியாக, அவர்கள் அமைத்த வீட்டின் வழியாக. 2018-ல் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலாமவர்: "ஒன்றுதான்" என்பதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் பெற்றோர் பிள்ளையை நினைத்தபடி செதுக்க முடியாது என்பதையாவது ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: முழு மனதோடு. செதுக்க முடியும் என்ற நம்பிக்கை செய்த பாவத்தை மறக்கக் கூடாது. தாய் அன்பு காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் நிபுணர்களே சொன்னார்கள். எத்தனை தாய்மார்கள் குற்றவுணர்வில் வெந்திருப்பார்கள்! 1977-ல் வந்த ஓர் இரட்டையர் ஆய்வு, ஆட்டிசத்தில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டி, அந்தப் பழியைத் துடைக்கத் தொடங்கியது. மரபணுவைப் பேசுவதே ஆபத்து என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

கேள்வி: இடதுகைப் பழக்கம் எத்தனை சதவீதம் மரபணு?

பதில்: இதோடு சதவீதக் கேள்வி ஐந்து வந்துவிட்டது, பாதியை நான் இங்கே சேர்க்கவே இல்லை. இனி அவற்றுக்குப் பதில் கிடையாது. மாறுமா, எதைச் செய்தால் மாறும் என்று கேளுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

கேள்வி: என் இரட்டைப் பெண்கள் ஒரே கருவிலிருந்து வந்தவர்கள். மரபணுவும் ஒன்று, வீடும் ஒன்று. ஒருத்தி எங்கேயும் புகுந்து பார்ப்பாள், மற்றவள் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டாள். எப்படி? கைரேகைகூட வேறாமே?

பதில்: ஆமாம், கைரேகை கருப்பையிலேயே வேறாகிவிடும். மூளை வளரும்போதும் அப்படித்தான், சின்னச் சின்னத் தற்செயல்கள் நிறைய. ஜெர்மனியில் 2013-ல் வந்த ஆய்வு ஒன்று உங்கள் வீட்டையே படம் பிடித்தது போல இருக்கும். மரபணு ஒன்றாகவே உள்ள 40 எலிகளை, ஏணியும் குழாயும் நிறைந்த ஒரே பெரிய கூண்டில் மூன்று மாதம் விட்டார்கள். ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கருவி பொருத்திக் கணக்கெடுத்தார்கள். தொடக்கத்தில் அவற்றுக்குள் இருந்த சிறு வித்தியாசம் வாரம் செல்லச் செல்ல விரிந்துகொண்டே போனது. அதிகம் சுற்றிய எலிகளின் மூளையில், நினைவுக்கு உதவும் பகுதியில், புதிய நரம்பணுக்களும் அதிகமாக முளைத்திருந்தன.