தி ஸ்மித்ஸ், 1982–1987: கேள்வி பதில்

மான்செஸ்டரில் தொடங்கி ஐந்தே ஆண்டில் உடைந்த தி ஸ்மித்ஸ் என்ற ராக் இசைக்குழுவைப் பற்றிய கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில். வாசிப்பு, ஒலிப்பதிவு, ஒப்பந்தம், இசைத்தட்டு பற்றிக் கேளுங்கள். பாடகர் மாரிஸியின் பிற்கால அரசியலை இங்கே எடுக்கவில்லை.

புதுக்காது: இதுவரை கேட்டதே இல்லை. எதில் தொடங்கலாம்?

1984 நவம்பரில் வந்த 'ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ' தொகுப்பில். பிபிசி வானொலியில் ஜான் பீல், டேவிட் ஜென்சன் நிகழ்ச்சிகளுக்காக வாசித்த பதிவுகளும் சில சிங்கிள்களும் அதில் இருக்கின்றன. அதே பாட்டுகளில் சில பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பத்திலும் உண்டு, ஆனால் அங்கே அவற்றின் உயிர் பாதிதான். 1983 கோடையில் டிராய் டேட் தயாரிப்பில் முழு ஆல்பத்தையும் பதிவு செய்து, திருப்தியில்லாமல் ஒதுக்கிவிட்டார்கள். பிறகு ஜான் போர்ட்டரை வைத்து முதலிலிருந்து மறுபடி செய்தார்கள். அந்த அலுப்பு காதில் விழுகிறது. தொகுப்பைக் கேட்டு முடித்ததும் நேராக 'தி குயின் இஸ் டெட்' ஆல்பத்துக்குப் போய்விடுங்கள்.

ஆறுதந்தி: 'திஸ் சார்மிங் மேன்' நன்றாகவே வாசிக்கிறேன். ஆனால் பதிவோடு சேர்த்து வாசித்தால் சுதி சேரவில்லை, ஏன்?

ஜானி மார் அந்தக் காலத்தில் கிட்டாரை இரண்டு அரைச்சுரம் ஏற்றி, ஈ இருக்க வேண்டிய இடத்தில் எஃப் ஷார்ப் வைத்துத்தான் வாசித்தார். காதில் விழுவது ஏ, அவர் விரல் பிடிப்பது ஜி. நீங்கள் இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஜி வடிவங்களில் வாசித்தால் சேர்ந்துவிடும்.

தயவுசெய்து கம்பிகளை முறுக்கி ஏற்றாதீர்கள். சுதி ஒரு முழுச்சுரம் ஏறினால் கம்பியின் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடும். 10–46 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகளாக) போட்ட கிட்டாரில் கழுத்து முன்னால் வளையும், ஆக்‌ஷன் (கம்பிக்கும் விரல்பலகைக்கும் உள்ள இடைவெளி) உயரும், மெல்லிய ஈ கம்பி அறுந்துகொண்டே இருக்கும். ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் 9–42 செட் மாட்டுங்கள். அதை எஃப் ஷார்ப்புக்கு ஏற்றினால், சாதாரண சுதியில் உள்ள 10 செட்டின் இழுவிசைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

இன்னொன்று, பதிவில் நீங்கள் கேட்பது ஒரு கிட்டார் அல்ல. போர்ட்டரின் 1954 டெலிகாஸ்டரில் தொடங்கி சுமார் பதினைந்து தடங்கள் அடுக்கியிருக்கிறார்கள். ஒற்றைக் கிட்டார் மெலிந்துதான் கேட்கும். அதை ஈடுகட்ட கெயினைக் கூட்டினால் உள்சுரங்கள் குழம்பிவிடும். சுத்தமான ஒலியில் கொஞ்சம் கம்ப்ரஸர் போதும்.

பெடல்பலகை: 'ஹௌ சூன் இஸ் நௌ?' பாட்டின் அந்தத் துடிக்கிற ஒலி எப்படி வந்தது? ஒலியளவை ஏற்றி இறக்கித் துடிக்கவைக்கும் என் ட்ரெமலோ பெடலில் கொழகொழவென்று வருகிறது.

1984 கோடையில் லண்டன் ஜாம் ஸ்டுடியோவில் செய்தது. மார் சொன்னபடி, பதிவான கிட்டாரை நான்கு ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஆம்ப்களுக்குள் அனுப்பினார்கள். இரண்டின் வேகக் குமிழ் அவர் கையில், மற்ற இரண்டும் போர்ட்டர் கையில். தாளத்திலிருந்து துடிப்பு விலகியதும் நாடாவை நிறுத்தி, பின்னால் சுற்றி, அந்த இடத்திலிருந்து மறுபடி பதிவு. சில சமயம் ஒரே மூச்சில் பத்து விநாடிதான் கிடைத்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டை இப்படித் துண்டு துண்டாகக் கோத்திருக்கிறார்கள்.

உங்கள் பெடலில் கொழகொழப்பது வரிசை தவறியதால். ட்வின் ரிவர்ப்பின் மின்சுற்றில் ரிவர்ப் (எதிரொலி) முன்னால், ட்ரெமலோ பின்னால். அதனால் எதிரொலியும் சேர்ந்தே வெட்டுப்படும். நீங்கள் ட்ரெமலோவை ஆம்புக்கு முன்னால் வைத்து ஆம்பின் ரிவர்பைத் திறந்தால், வெட்டின இடைவெளியையெல்லாம் எதிரொலி நிரப்பிவிடும். ஆம்ப் ரிவர்பை முழுதாக மூடி, ரிவர்ப் பெடலுக்குப் பின்னால் ட்ரெமலோவை வையுங்கள். காலால் தட்டி வேகம் வைக்கும் டேப் டெம்போவில் ஓர் அடிக்கு நான்கு துடிப்பு, ஆழம் முக்கால்வாசிக்கு மேல். ஃபெண்டர் ஆம்பில் அந்தக் குமிழுக்கு மேலே வைப்ராட்டோ என்றுதான் எழுதியிருக்கும், அதேதான் இது.

மீண்டும்வருமா: மறுபடி சேர்ந்து வாசிப்பார்களா?

இல்லை. பாஸ் வாசித்த ஆண்டி ரூர்க் 2023 மே மாதம் காலமானார்.

நேர்வழி: மாரிஸிக்கும் மாருக்கும் சண்டை, அதனால் உடைந்தது. அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. இந்தக் குழுவுக்கு நிலையான மேலாளர் இல்லை, பங்கை எழுதிய ஆவணமும் இல்லை. 'ஹேண்ட் இன் குளவ்' பதிவுக்குக் காசு போட்ட முதல் மேலாளர் ஜோ மாஸ் 1983 முடிவில் விலகினார். பின்னர் வந்த எவரும் நிலைக்கவில்லை. வேன் வாடகைவரை பார்க்கிற வேலை இருபத்திரண்டு வயது மாரின் தலையில் விழுந்தது. பாட்டுக்கு மெட்டுப் போடுபவரும் அவரேதான்.

1985 முடிவில் தயாராகிவிட்ட 'தி குயின் இஸ் டெட்', அவர்களின் இசைத்தட்டு நிறுவனமான ரஃப் டிரேடுடனான வழக்கில் மாட்டி 1986 ஜூனில்தான் வெளியானது. அதற்குள் ரூர்க்கை ஹெராயின் பழக்கத்துக்காக நீக்கி, மறுபடி சேர்த்திருந்தார்கள். கிரெய்க் கேனன் இரண்டாவது கிட்டாருக்கு வந்து, சில மாதத்தில் போனார். ரஃப் டிரேடுக்கு ஆல்பம் பாக்கி இருக்கும்போதே இன்னொரு இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐயோடு ஒப்பந்தம். நவம்பரில் மாருக்குக் கார் விபத்து. 1986 டிசம்பர் 12, லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமி கச்சேரிதான் கடைசி.

கடைசி ஆல்பமான 'ஸ்ட்ரேஞ்ச்வேஸ்' ஆல்பத்தை 1987 வசந்தத்தில் பாத் அருகே வூல் ஹாலில் பதிவு செய்தார்கள். மாரிஸி, மார் இருவருக்குமே பிடித்த ஆல்பம் அதுதான் என்பதைக் கவனியுங்கள். இசை வற்றி உடைந்த குழு இல்லை இது. கோடையில் மார் விலகினார், ஆல்பம் செப்டம்பரில் வந்து பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம் பிடித்தது. அப்போது குழுவே இல்லை.

கணக்கன்: ஆவணம் என்கிறீர்கள். பாட்டு எழுதியது இருவர், அவர்களுக்கு 40, 40. மற்ற இருவருக்கு 10, 10. நியாயமான பங்குதானே? டிரம்மர் மைக் ஜாய்ஸ் 25 கேட்டது பேராசை.

இரண்டு வருமானத்தைக் கலக்கிறீர்கள். பாட்டு எழுதியதற்கான உரிமைத்தொகை தனி. அது முழுக்க மாரிஸிக்கும் மாருக்கும்தான், ஜாய்ஸ் அதைக் கேட்கவே இல்லை. ஜாய்ஸ் தொடுத்த வழக்கு ஒலிப்பதிவு, கச்சேரி வருமானத்தைப் பற்றியது. ரஃப் டிரேட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மாரிஸி, மார் இருவர் மட்டும். 10 சதவீதத்துக்கு ஜாய்ஸ் ஒப்புக்கொண்டார் என்று காட்ட எழுத்தில் எதுவும் இல்லை. பிரிட்டனின் 1890ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம், 24ஆம் பிரிவு: வேறு உடன்பாடு இல்லாவிட்டால் லாபம் சமபங்கு. 1996 டிசம்பரில் நீதிபதி வீக்ஸ் ஜாய்ஸுக்கு 25 சதவீதம் என்று தீர்ப்பளித்தார். மாரிஸியின் மேல்முறையீடு 1998 நவம்பரில் தள்ளுபடி.

தாளக்காரன்: ரூர்க் மட்டும் 10க்கே ஒப்புக்கொண்டாரே?

1989இல் 83,000 பவுண்டும் இனி 10 சதவீதமும் என்று சமரசம் செய்துகொண்டார். கையில் காசு இல்லாத நேரம். அவர் காத்திருந்தால் ஜாய்ஸுக்குக் கிடைத்ததே அவருக்கும் கிடைத்திருக்கும் என்பது என் கருத்து. 'பார்பரிசம் பிகின்ஸ் அட் ஹோம்' பாட்டில் அந்த பாஸை எடுத்துவிட்டுப் பாருங்கள், என்ன மிஞ்சுகிறது?

கணக்கன்: பாஸ் நன்றாக இருந்தால் பங்காளி ஆகிவிட முடியுமா? சம்பளத்துக்கு வந்த கலைஞர்களும் நன்றாகத்தான் வாசிக்கிறார்கள்.

முடியாது, நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. சம்பளக் கலைஞருக்கு நாள்கூலி, நஷ்டத்தில் பங்கில்லை. இவர்கள் நால்வரும் ஒரே பெயரில், ஒரே லாப நஷ்டத்தில் தொழில் செய்தவர்கள். வாசிப்பின் தரம் வேறு கேள்வி, அதை நான்தான் இழுத்தேன். உங்கள் வாதம் ஜெயிக்க ஒரு பக்கக் கடிதமும் நான்கு கையெழுத்தும் போதுமாக இருந்தது. 1983இல் யாரும் எழுதவில்லை.

அகௌஸ்டிக்: 12 தடிமன் கம்பி செட் போட்ட அகௌஸ்டிக்கில் எஃப் ஷார்ப்புக்கு ஏற்றலாமா?

கூடாது. பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) பெயர்ந்து வரலாம். கேப்போ. காரணம் மேலே எழுதியாயிற்று.

தரவரிசை: இவ்வளவு புகழ் இருந்தும் ஒரு சிங்கிள்கூட முதலிடம் வரவில்லையே?

குழு இருந்தவரை 10ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 'ஹெவன் நோஸ்', 'ஷீலா' இரண்டும் 10. ரசிகர்கள் முதல் வாரமே வாங்கிவிடுவார்கள், இரண்டாம் வாரம் இறங்கிவிடும். பகல்நேர வானொலியும் பெரிய விளம்பரக் காசும் இருந்தால்தான் மேலே ஏறும். 'திஸ் சார்மிங் மேன்' 1983இல் 25, 1992இல் டபிள்யூஇஏ நிறுவனம் மறுபடி வெளியிட்டபோது 8.

பழைய தட்டு: 'வாட் டிஃபரன்ஸ் டஸ் இட் மேக்?' பால் டம்ளர் உறையோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. அசல்தானா?

அப்படி ஓர் உறை உண்டு. அட்டைப்பட நடிகர் டெரன்ஸ் ஸ்டாம்ப் முதலில் மறுத்ததால், மாரிஸி அதே பாவனையில் பால் டம்ளரோடு நின்றார். பின்னர் ஸ்டாம்ப் சம்மதித்ததும் பழைய படமே திரும்பியது. ஆனால் உறையை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். உறையை வண்ண நகல் எடுப்பது சுலபம். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் உள்ள வெற்றுப் பள்ளத்தில் பொறித்த எழுத்தைச் சாய்வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டியல் எண் ஆர்டி 146. மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஒருநாள்போதும்: ஒரே ஒரு கச்சேரிக்காவது சேர மாட்டார்களா?

மேலே பதில் இருக்கிறது.

நால்வர்: நாங்களும் நான்கு பேர், அடுத்த மாதம் முதல் பாட்டு வருகிறது. என்ன எழுதி வைக்க வேண்டும்?

இந்தக் கேள்வி முதலிலேயே வந்திருக்கலாம். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 13ஆம் பிரிவும் உடன்பாடு இல்லாவிட்டால் சமபங்கு என்றுதான் சொல்கிறது. எழுதியவர் பங்கு, பதிவு வருமானம், கச்சேரி மற்றும் டிஷர்ட் வருமானம் மூன்றையும் தனித்தனியாக, சதவீதத்தோடு எழுதுங்கள். செலவைக் கழித்த பின்னா, முன்னா என்பதையும் சேர்த்து. ஒருவர் விலகினால் பழைய பதிவில் அவர் பங்கு தொடருமா, குழுவின் பெயர் யாருக்கு, வங்கிக் கணக்கில் எத்தனை கையெழுத்து, இவையும் வேண்டும். நால்வரும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி. வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு, பாட்டு வெளிவரும் முன் முடித்துவிடுங்கள்.