ஒரே ஜெர்சி எண்ணை அணிந்த கிரிக்கெட் நட்சத்திரங்கள்: கேள்வி பதில்

ஒரே எண்ணை வெவ்வேறு காலத்திலும் வெவ்வேறு நாட்டிலும் அணிந்து புகழ்பெற்ற வீரர்களைப் பற்றி நண்பர்கள் பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே செய்தியைக் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (திண்டுக்கல்): கவாஸ்கர், கபில்தேவ் காலத்துப் படங்களில் முதுகில் எண்ணே இல்லையே? இந்த வழக்கம் எப்போது வந்தது?

பதில்: 1995-96 பருவத்தில் ஆஸ்திரேலியா, இலங்கை, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய அணிகள் ஆஸ்திரேலியாவில் மோதிய முத்தரப்பு ஒருநாள் தொடரில்தான் சர்வதேசக் கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் முதன்முதலாக எண்கள் இடம்பெற்றன. அதற்கு முன்பே கவாஸ்கரும் கபில்தேவும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். உலகக் கோப்பையில் எண்கள் வந்தது 1999 இல். அந்தப் போட்டியில் அணித்தலைவருக்கு 1, மற்றவர்களுக்கு 2 முதல் 15 வரை என்று வரிசையாக வழங்கப்பட்டதால், அசாருதீன், வாசிம் அக்ரம், ஸ்டீவ் வாஹ் ஆகிய மூவரும் அப்போது ஒரே எண்ணை அணிந்திருந்தார்கள். தென்னாப்பிரிக்கத் தலைவர் ஹான்சி குரோனியே மட்டும் தம் வழக்கமான 5 ஐ வைத்துக்கொள்ள, 1 ஆம் எண் கேரி கிர்ஸ்டனுக்குப் போனது. டெஸ்ட் போட்டியின் வெள்ளைச் சட்டையில் பெயரும் எண்ணும் ஏறியது, 2019 ஆகஸ்ட் 1 அன்று எட்ஜ்பாஸ்டனில் தொடங்கிய ஆஷஸ் டெஸ்டில்.

கேள்வி (ஈரோடு): ஒரு நாட்டு வீரர் அணியும் எண்ணை வேறு நாட்டு வீரர் அணிய யாரிடமாவது அனுமதி பெற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஒவ்வொரு நாட்டு வாரியமும் தன் வீரர்களுக்குத் தனித்தனியே எண் வழங்குகிறது. ஓர் அணிக்குள் இருவர் ஒரே எண்ணுடன் களமிறங்கக் கூடாது என்பதுதான் நடைமுறையில் உள்ள கட்டுப்பாடு. ஆடவர் அணிக்கும் மகளிர் அணிக்கும் பட்டியல் வேறு என்பதால், ஒரே நாட்டில் இருவர் ஒரே காலத்தில் ஒரே எண்ணை அணிவதும் இயல்பாகவே நிகழ்கிறது.

கேள்வி (கோயம்புத்தூர்): 10 என்றால் எங்கள் தலைமுறைக்கு சச்சின் மட்டும்தான். வேறு யாருக்கு அந்த எண்ணில் உரிமை இருக்கிறது?

பதில்: உங்கள் உணர்வை மதிக்கிறேன், ஆனால் எல்லைக்கு அப்பால் அதே தலைமுறையினரைக் கேட்டால், 10 என்றவுடன் பாகிஸ்தானின் ஷாகித் அப்ரிடியின் பெயரைத்தான் சொல்வார்கள். இருவருக்கும் இடையே ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1996 அக்டோபரில் நைரோபியில் இலங்கைக்கு எதிராக அப்ரிடி 37 பந்துகளில் சதம் அடித்தபோது அவர் கையில் இருந்தது, வக்கார் யூனிஸ் வழியாக வந்த சச்சினின் மட்டை. அந்தச் சாதனை 2014 புத்தாண்டு நாளில் கோரி ஆண்டர்சன் முறியடிக்கும்வரை பதினேழு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. தென்னாப்பிரிக்காவின் டேவிட் மில்லரும் 10 ஐ அணிந்தவரே.

அப்ரிடிக்குப் பின் பாகிஸ்தானில் அந்த எண் பூட்டி வைக்கப்படவில்லை. முதலில் 40 ஐ அணிந்துவந்த ஷாஹீன் ஷா அப்ரிடி 2021 இல் 10 க்கு மாறினார். பின்னர் அவரே ஷாகித் அப்ரிடியின் மருமகனும் ஆனார். இந்தியாவில் நடந்தது வேறு. சச்சின் ஓய்வு பெற்ற 2013 இலேயே மும்பை இந்தியன்ஸ் அணி 10 ஐ அவருக்கென ஒதுக்கிவிட்டது. 2017 ஆகஸ்ட் இறுதியில் கொழும்பில் தம் முதல் ஒருநாள் போட்டியில் ஷர்துல் தாக்கூர் 10 ஐ அணிந்து இறங்கியதும், அந்த இளைஞர் மீது ரசிகர்களின் கோபம் கொட்டியது. 16-10-1991 என்ற தம் பிறந்த தேதியின் இலக்கங்களைக் கூட்டினால் 28, அதைக் கூட்டினால் 10 என்று அவர் விளக்கம் சொல்லியும் பயனில்லாமல், 54 க்கு மாறினார். அதன்பின் இந்திய வாரியமும் அந்த எண்ணை யாருக்கும் தராமல் நிறுத்தி வைத்தது. முதல் போட்டியில் ஆடும் ஒருவரை ஓர் எண்ணுக்காக வசைபாடியது சச்சினுக்குச் செய்த மரியாதை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி (சென்னை): விராட் கோலியும் இந்திய மகளிர் அணியின் ஸ்மிருதி மந்தனாவும் 18 ஐ அணிவது தற்செயலா? அவர் எண்ணை இவர் எடுத்துக்கொண்டாரா?

பதில்: எடுத்துக்கொள்ளவில்லை. மந்தனா பிறந்தது 1996 ஜூலை 18. கோலிக்கோ அந்த எண் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் கேட்காமலே கிடைத்ததாக அவரே கூறியிருக்கிறார். ஆனால் அந்தத் தேதி அவர் வாழ்வில் ஆழமாகப் பதிந்தது: அவருடைய தந்தை காலமானது 2006 டிசம்பர் 18 அன்று. அப்போது டெல்லி அணிக்காக ஆடிக்கொண்டிருந்த ரஞ்சிப் போட்டியைப் பாதியில் விட்டுப் போகாமல், கர்நாடகத்துக்கு எதிராக இறங்கி 90 ரன்கள் எடுத்து அணியைக் காப்பாற்றிய பிறகே அவர் இறுதிச் சடங்குக்குச் சென்றார். 2008 ஆகஸ்ட் 18 அன்று தம்புள்ளையில் அவருடைய முதல் ஒருநாள் போட்டி நடந்தது. பெங்களூரு அணியிலும் இருவருக்கும் இதே எண்தான். மந்தனா தலைமையில் 2024 இல் பெங்களூரு மகளிர் அணி மகளிர் பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. கோலி காத்திருந்த ஐபிஎல் கோப்பை 2025 இல், அதாவது தொடரின் 18 ஆவது பருவத்தில் வந்து சேர்ந்தது.

இவர்களுக்கு முன்பே 18 ஐப் பெருமைப்படுத்தியவர் ஆடம் கில்கிறிஸ்ட். 2007 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரிட்ஜ்டவுனில் அவர் அடித்த 149 ரன்களைப் பார்த்தவர்கள் அந்த முதுகெண்ணையும் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் மொயின் அலி, நியூசிலாந்தின் டிரென்ட் போல்ட் ஆகியோரின் எண்ணும் 18 தான்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கள் இலங்கை வீரர்களின் எண்களைப் பகிர்ந்துகொண்டவர்கள் யார்?

பதில்: இலங்கை அணியில் ஓரிலக்க எண்களின் முன்னே சுழியம் சேர்த்து அச்சிடும் பழக்கம் இருந்ததால் சனத் ஜயசூரியவின் முதுகில் 07 என்றும் முத்தையா முரளிதரனின் முதுகில் 08 என்றும் பார்த்திருப்பீர்கள். முன்னதை மகேந்திர சிங் தோனியுடனும் பின்னதை ரவீந்திர ஜடேஜாவுடனும் ஒப்பிடலாம். தொடக்கத்திலேயே களத்தடுப்பு வியூகத்தைச் சிதறடித்தவர் ஒரு 7. ஆட்டத்தைக் கடைசி ஓவர்வரை இழுத்துச் சென்று முடித்தவர் இன்னொரு 7. தோனி பிறந்தது ஏழாம் மாதம் ஏழாம் தேதி என்பதால் அந்த எண் அவருக்கு இயல்பாகவே அமைந்தது. அதையும் இந்திய வாரியம் ஒதுக்கி வைத்துவிட்டதாக 2023 டிசம்பரில் செய்தி வெளியானது.

லசித் மலிங்காவின் 99 ஐ நம் அஸ்வினும் அணிந்தார். தொடர்ச்சியான நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டை இருமுறை வீழ்த்தியவர் ஒருவர். 537 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் விடைபெற்றவர் மற்றவர். வேகமும் சுழலுமாகப் பந்துவீச்சின் இரு முனைகளும் சந்தித்த எண் இது.

கேள்வி (மதுரை): அஸ்வினைத் தவிர, தமிழகத் தொடர்புள்ள வேறு வீரர்கள் யாருடைய எண்களைப் பகிர்ந்தார்கள்?

பதில்: ராகுல் டிராவிட் அணிந்த 19 பிற்காலத்தில் தினேஷ் கார்த்திக்கிடம் இருந்தது. ராஜஸ்தான் ராயல்ஸ் அணியில் 19 ஐ அணிந்த யஷஸ்வி ஜெய்ஸ்வால் இந்திய அணியிலும் அதையே விரும்பினார்; கார்த்திக் அப்போது ஓய்வு அறிவிக்காததால் 64 ஐ எடுத்துக்கொண்டார். கௌதம் கம்பீரின் 5 இன்று வாஷிங்டன் சுந்தரிடம் உள்ளது.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிதாலி ராஜின் எண் 3; அவர் பிறந்தது டிசம்பர் 3. சுரேஷ் ரெய்னாவும் தென்னாப்பிரிக்காவின் ஜாக் காலிஸும் அதே எண்ணினர். 2020 ஆகஸ்ட் 15 அன்று தோனியும் ரெய்னாவும் ஒன்றாக ஓய்வை அறிவித்தபோது, தோனியின் 7 ஐயும் தம் 3 ஐயும் சேர்த்தால் 73 என்றும், நாடு விடுதலை பெற்று 73 ஆண்டுகள் நிறைவதால் அந்த நாளைத் தேர்ந்ததாகவும் ரெய்னா சொன்னார். ஒரு நட்பை இரண்டு எண்களால் இவ்வளவு அழகாகச் சொன்னவர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): ரோகித் சர்மாவின் 45 ஐ வேறு யார் அணிந்திருக்கிறார்கள்?

பதில்: கிறிஸ் கெயில். ஒருநாள் போட்டிகளில் இருவருமே இரட்டைச் சதம் கண்டவர்கள்: ரோகித் மூன்று முறை, கெயில் 2015 உலகக் கோப்பையில் கான்பெராவில் ஜிம்பாப்வேக்கு எதிராக 215. கெயில் பின்னாளில், 2010 இல் காலியில் தாம் எடுத்த டெஸ்ட் முச்சதத்தை நினைவுகூர்ந்து 333 ஐயும் அணிந்தார்.

கேள்வி (புதுச்சேரி): ஏ.பி. டிவில்லியர்ஸின் எண்ணும் ரிஷப் பந்தின் எண்ணும் ஒன்றா?

பதில்: ஆம், 17. பெங்களூரு அணி 2023 இல் டிவில்லியர்ஸின் 17 ஐயும் கெயிலின் 333 ஐயும் இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது.

கேள்வி (திருச்சி): பெரிய வீரர் ஒருவரின் எண்ணை வாங்கி, அதற்குத் தகுதியானவராகவும் விளங்கியவர் என்று யாரைச் சொல்வீர்கள்?

பதில்: தயக்கமின்றி மைக்கேல் கிளார்க்கைச் சொல்வேன். ஷேன் வார்னே 23 ஐத் தேர்ந்ததற்கே ஒரு காரணம் உண்டு: சிறுவயதில் அவர் உயிராக நேசித்த ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர், ஹாத்தார்ன் அணியின் டெர்மட் பிரெரெடன் அணிந்த எண் அது. எனவே வார்னேயே ஒருவரிடமிருந்து பெற்றுக்கொண்டவர்தான். வார்னே ஆஸ்திரேலியாவுக்காகக் கடைசி ஒருநாள் போட்டியை ஆடிய அதே 2003 ஜனவரியில் கிளார்க் அறிமுகமானார். பின்னர் வார்னேயின் சம்மதத்துடன் 23 அவரிடம் வந்தது. லெக் ஸ்பின்னரின் எண்ணை ஒரு மட்டையாளர் ஏற்று, 2015 மார்ச் 29 அன்று மெல்போர்னில், வார்னேயின் சொந்த மைதானத்தில், தம் இறுதி ஒருநாள் போட்டியில் 74 ரன்கள் எடுத்து, அணித்தலைவராக உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார்.

அன்று அவர் கையில் கட்டியிருந்த கறுப்புப் பட்டையில் பி.ஹெச். என்ற எழுத்துகள் இருந்தன. அது பிலிப் ஹியூஸின் பெயர். 2014 நவம்பரில் சிட்னியில் 63 ரன்களுடன் ஆடிக்கொண்டிருந்தபோது கழுத்தில் பந்து பட்டு, இரண்டு நாளில், 25 வயதில் மறைந்த தம் நண்பரின் ஒருநாள் எண்ணான 64 ஐ இனி ஆஸ்திரேலியாவில் யாரும் அணியக் கூடாது என்று கேட்டுப் பெற்றவரும் கிளார்க்கே. ஓர் எண்ணை ஏற்றுக்கொண்ட அவர்தான் இன்னொரு எண்ணைப் பூட்டி வைக்கவும் செய்தார்.

கேள்வி (வேலூர்): அப்படியானால் 10, 7 ஆகியவற்றை ஒதுக்கி வைத்தது சரிதானே? ஏன் அதை நீங்கள் விரும்பாதவர்போல எழுதுகிறீர்கள்?

பதில்: 64 ஐ ஒதுக்கியதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆடி முடிக்காமலே போன ஒருவரின் இடத்தை வெறுமையாக விடுவது துக்கத்தின் நியாயம். ஆனால் நிறைவாக ஆடி, மக்களின் அன்போடு விடைபெற்றவர்களின் எண் அப்படியல்ல. நம் வீடுகளில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது அவரை மறப்பதற்காக அல்ல. அந்தப் பெயர் வீட்டில் நாள்தோறும் ஒலிக்க வேண்டும் என்பதற்காகத்தான். 10 ஐ அணியும் ஒரு பதினெட்டு வயது மட்டையாளரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சச்சினைப் பற்றி ஒரு தந்தை தம் மகளிடம் சொல்வார். பூட்டி வைத்த எண்ணைப் பற்றி அப்படிப் பேச வாய்ப்பில்லை. மூத்த வீரரே தம் கையால் ஓர் இளைய வீரருக்கு எண்ணை வழங்கும் வழக்கம் இந்தியாவில் வந்தால், ஷர்துலுக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேராது.

கேள்வி (சேலம்): 2025 இல் முகேஷ் குமார் 18 ஐ அணிந்து பந்துவீசினாரே, வாரியம் கோலியின் எண்ணைக் கொடுத்துவிட்டதா?

பதில்: இல்லை. அது இரண்டாம் நிலை அணியான இந்திய 'ஏ' அணி, இங்கிலாந்தின் இரண்டாம் நிலை அணியான லயன்ஸ் அணியுடன் ஆடிய போட்டி. கோலி டெஸ்டிலிருந்து ஓய்வை அறிவித்த அதே மே மாதத்தில் நடந்ததால் பரபரப்பானது. 'ஏ' அணிப் போட்டிகளில் நிரந்தர எண் ஒதுக்கீடு கிடையாது என்று வாரியம் விளக்கம் தந்தது.

கேள்வி (நாகர்கோவில்): மிக அதிகமான மேதைகள் அணிந்த எண் என்று ஒன்றைச் சொல்ல முடியுமா?

பதில்: என் தேர்வு 11. கிளென் மெக்ராத், குமார் சங்ககாரா, டேனியல் வெட்டோரி, முகமது ஷமி ஆகிய நால்வரும் அந்த எண்ணினர். 2007 உலகக் கோப்பையில் 26 விக்கெட்டுகளுடன் தொடர் நாயகனாக விடைபெற்றார் மெக்ராத். 2015 உலகக் கோப்பையில் அடுத்தடுத்து நான்கு சதங்கள் அடித்தார் சங்ககாரா. அதுவரை உலகக் கோப்பையில் யாரும் செய்யாத செயல் அது. வெட்டோரி ஒருநாள் போட்டிகளில் முந்நூறு விக்கெட்டுகளைக் கடந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். ஷமியோ 2023 உலகக் கோப்பையில் ஆடியவை ஏழே போட்டிகள். எடுத்தவை 24 விக்கெட்டுகள். அவற்றில் ஏழு, மும்பை வான்கடே மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில், 57 ரன்களுக்கு வீழ்ந்தவை.